உப்பாத கேக்

சேலத்தில் ஏற்காடு பஸ் ஏறுகிற பிள்ளைகள் கையில் ஒரு சிப்ஸ் பாக்கெட் கட்டாயம் இருக்கும். ஏறும்போது அது தொளதொளவென்று சாதுவாகக் கிடக்கும். அடிவாரம் தாண்டி பத்தாவது கொண்டை ஊசி வளைவு வருகையில் விறைத்துக்கொள்ளும். இருபதாவது வளைவும் முடிந்து ஏரி கண்ணில் படும்போது புதுத் தலையணை மாதிரி புடைத்து நிற்கும். ஏதாவது ஒரு பையன் அதைத் தொடையில் வைத்து ஓங்கி அடிப்பான். 'படார்' என்ற சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் விழித்துக்கொள்வார்கள். கண்டக்டர் திட்டுவார்.

கல்யாணமாகி இந்த மலைக்கு வந்த நாளிலிருந்து இந்தக் காட்சியை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்தப் பாக்கெட்டுக்கும் என் கேக்கில் விழுகிற குழிக்கும் உறவு உண்டு என்று புரிவதற்கு மட்டும் மூன்று பிறந்தநாள்கள் ஆயின.

நான் கேக் கற்றுக்கொண்டது சென்னையில். கடல் மட்டத்துக் கேக். அங்கே அது பஞ்சு மெத்தை மாதிரி வரும். அதே கணக்கில், அதே தகர அச்சில், மகனுடைய முதல் பிறந்தநாளுக்கு இங்கே செய்தேன். ஓவன் கண்ணாடிக் கதவு வழியே பார்த்தால் கேக் விறுவிறுவென்று எழும்புகிறது. அச்சுக்கு மேலே தலை தூக்கிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வயதானவர்கள் திண்ணையில் உட்காருவதுபோல, அது மெல்ல நடுவில் உட்கார்ந்தது.

"ஏங்கண்ணு, ஆட்டுக்கல்லு மாட்டம் குழி விழுந்திருக்குது?" என்றார் அத்தை.

குழியில் கிரீமை ரொப்பித் தரைமட்டமாக்கி அன்றைக்கு மானத்தைக் காப்பாற்றினேன். அடுத்த வருஷமும் குழி, மறு வருஷமும் குழி. மைதா பழசு என்றேன், முட்டை சின்னது என்றேன், கதவைச் சீக்கிரம் திறந்துவிட்டேன் என்றேன். அத்தை ஒரே வார்த்தையில் கண் திருஷ்டி என்று முடித்துவிட்டார். எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டியதால் அதுவும் பொருத்தமாகத்தான் இருந்தது.

விஷயம் பருப்பில் இருந்தது. ஏற்காட்டில் குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகவைக்கப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சாயங்காலம் வரை அடுப்போடு மல்லுக்கட்ட வேண்டும். ஊர் 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அதனால் தண்ணீர் 100 டிகிரி வரை போகாமல் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. தளபுளவென்று கொதிக்கிறதே தவிர அந்தக் கொதிப்பில் சூடு போதாது. பருப்பு நறுக்கென்றே நிற்கும்.

கேக்கில் அதே அழுத்தக் குறைவு வேறு விதமாக வேலை செய்கிறது. பேக்கிங் பவுடரிலிருந்து கிளம்பும் வாயு, சிப்ஸ் பாக்கெட்டுக்குள் இருக்கும் காற்றைப் போலவே, இங்கே அளவுக்கு மீறி விரிகிறது. மாவுக்குள் இருக்கிற குமிழிகள் ஊதிப் பெருத்து, சுவர் மெலிந்து, மாவு வெந்து இறுகுவதற்குள் உடைந்துவிடுகின்றன. உடைந்தால் உட்காராமல் என்ன செய்யும்? மைதா மேலும் குற்றமில்லை, முட்டை மேலும் குற்றமில்லை.

இதற்கு உலகத்தில் மருந்து உண்டு. அமெரிக்காவில் டென்வர் நகரம் கடல் மட்டத்துக்கு மேலே சரியாக ஒரு மைல், அதாவது 1,609 மீட்டர் உயரம். நம் சேர்வராயன் கோயில் இருக்கிற உச்சி 1,623 மீட்டர். ஆக டென்வர்க்காரர்களும் நாமும் ஒரே தளத்துக் குடித்தனக்காரர்கள். அங்கே கேக் மாவுப் பாக்கெட்டில் மலையூர்க்காரர்களுக்கு என்று தனிக் குறிப்பே போடுவது வழக்கம். பேக்கிங் பவுடரில் கால் பங்கு குறை, சர்க்கரையைக் கொஞ்சம் குறை, பாலை ஒரு கரண்டி கூட்டு, ஓவன் சூட்டைச் சற்று ஏற்று. அதன்படி செய்து பார்த்தேன். குழி விழவில்லை, கேக் நின்றது. நின்றது, அவ்வளவுதான். மறுநாள் எடுத்தால் வறவறவென்று தொண்டையைப் பிடித்தது. உயரத்தில் ஈரம் சீக்கிரம் ஓடிவிடும்.

இந்த மலையில் நான்தான் முதலில் தோற்றவள் என்றும் நினைக்க முடியவில்லை. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-இல் இங்கே காப்பி வைத்தார். அவருக்குப் பின்னால் தோட்டக்காரத் துரைமார் வந்தார்கள், பங்களாக்கள் வந்தன, விறகு அடுப்பில் கேக் சுடச் சொல்லி அவர்கள் பட்லர்களைப் படுத்தியும் இருப்பார்கள். இந்தியர் கையால் சுட்ட முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று பலரும் சொல்வது, 1883-இல் மர்டாக் பிரவுன் என்ற தோட்டக்காரருக்காகத் தலச்சேரியில் மம்பள்ளி பாபு செய்தது. தலச்சேரி கடற்கரை ஊர், அங்கே குமிழி உடைந்திருக்காது. அதே துரை ஏற்காட்டில் தோட்டம் வைத்திருந்து, பாபுவும் இங்கே சுட்டிருந்தால் அந்தப் பெயர் கிடைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

எனக்கு வழி காட்டியது ஸ்வீடனில் வேலை பார்க்கும் என் தம்பி மகள். போனில் நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "அத்தை, எதுக்கு அது எழும்பணும்? இங்க ஒரு கேக் இருக்கு, அதுல பேக்கிங் பவுடரே கிடையாது" என்றாள். கிளாட்காக்கா என்று பெயர். ஒட்டுகிற கேக் என்று அர்த்தமாம். மேலே மெல்லிய பொருக்கு, உள்ளே கொழகொழவென்று சாக்லேட். அது உட்கார்ந்தால்தான் சரி.

யோசித்துப் பார்த்தால் உப்பி எழும்புகிற இனிப்பு நம் ஊர்ச் சரக்கே இல்லை. அல்வா எழும்புமா? திருவையாற்று அசோகா எழும்புமா? தளதளவென்று இலையில் சரிவதுதான் அவற்றுக்கு அழகு. எழும்ப வேண்டியது இட்லி ஒன்றுதான். அதற்கும் இந்தக் குளிரில் மாவு புளிக்க வைக்கக் கம்பளி போர்த்தி உபசாரம் செய்ய வேண்டியிருக்கிறது. இதில் கேக்கையும் எழும்பு எழும்பு என்று நான் ஏன் மூன்று வருஷம் கெஞ்சினேன் என்று தெரியவில்லை.

கிளாட்காக்காவில் வேர்க்கடலை வந்து சேர்ந்தது அத்தையால். அவர் ஆத்தூர்ப் பக்கம். மானாவாரிக் காட்டில் கடலை போட்ட குடும்பம். அவருக்கு அது கடலைக்காய். எனக்கு வேர்க்கடலை, விழுப்புரத்துக்காரர்களுக்கு மல்லாட்டை, கடலூர்ப் பெரியவர்களுக்கு மணிலா. தென் அமெரிக்காவில் பிறந்த ஒரு பயிருக்கு நாம் இத்தனை செல்லப் பெயர் வைத்திருக்கிறோம். நான் கடையில் வாங்கி வைத்திருந்த பீநட் பட்டர் பாட்டிலை அத்தை ஒருநாள் திறந்து மோந்து பார்த்தார். விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். பாட்டிலைத் திருப்பி விலையைக் கேட்டார். சொன்னேன்.

"கடலைக்காயை அரைச்சா வருது. இதுக்கா இவ்வளவு காசு?"

அவர் சொன்னது சரிதான். 1884-இல் கனடாவைச் சேர்ந்த எட்சன் என்பவர் வறுத்த கடலையை அரைத்துப் பசையாக்குவதற்குக் காப்புரிமை வாங்கினார். 1895-இல் கார்ன்ஃபிளேக்ஸ் புகழ் கெல்லாக் தன் முறைக்கு விண்ணப்பித்தார். அவித்த கடலை, உருண்டை, சட்னி என்று கடலையை விதவிதமாகத் தின்ற நமக்கு அதை வெண்ணெயாக்கத் தோன்றாமல் போனது ஆச்சரியம். கோவில்பட்டிக்காரர்கள் வெல்லப்பாகு போட்டு மிட்டாயாக்கி, 2020-இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள். அது வேறு திசை.

அத்தை வழிமுறை இது. கால் கிலோ வேர்க்கடலைப் பருப்பை முறத்தில் கொட்டி முதலில் பொறுக்க வேண்டும். சுருங்கினது, கறுத்தது, பூசணம் தொட்டது எதுவும் உள்ளே போகக்கூடாது. ஒரு சொத்தைக் கடலை ஒரு கை கடலையைக் கெடுக்கும் என்பார். ருசிக்காகச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன், அது மட்டுமில்லை. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேலான வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் போனால், தீனியில் கலந்திருந்த கடலைப் புண்ணாக்கில் பூசணம், அந்தப் பூசணத்தில் விஷம். அஃப்ளாடாக்சின் என்று அதற்குப் பெயரிட்டார்கள். வறுத்தாலும் முழுசாகப் போகாது. பனி மூட்டத்தில் தீப்பெட்டிகூட நமுத்துப் போகிற ஊர் இது. ஆகவே இங்கே கடலையைக் கொஞ்சமாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, சீக்கிரம் தீர்த்துவிடுவதே உத்தமம்.

பொறுக்கின கடலையை இரும்பு வாணலியில் சின்னத் தீயில் வறுக்க வேண்டும். தோல் வெடித்து, வாசனை கூடம் வரை வந்ததும் இறக்கித் துணியில் போட்டுத் தேய்த்துப் புடைத்தால் தோல் பறந்துவிடும். இளஞ்சூட்டிலேயே மிக்சியில் போட வேண்டும். முதலில் பொடியாகும். பிறகு உருண்டு சுவரில் அப்பிக்கொள்ளும். இங்கேதான் பொறுமை இல்லாதவர்கள் தண்ணீரோ எண்ணெயோ ஊற்றிக் கெடுப்பார்கள். நிறுத்தி, வழித்துவிட்டு, மிக்சிக்கு இரண்டு நிமிஷம் ஓய்வு கொடுத்து மறுபடி ஓட்டினால், சட்டென்று ஒரு கணத்தில் அதன் எண்ணெயே வெளியே வந்து எல்லாம் இளகிப் பளபளக்கும். பிளேடு சத்தமே மாறிவிடும். ஒரு சிட்டிகை உப்பு. முடிந்தது. எண்ணெய் பிழிந்த சக்கையையும் இங்கிலீஷ்காரன் கேக் என்றுதான் சொல்கிறான் என்று அத்தையிடம் ஒருநாள் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து "இன்னிக்குப் புண்ணாக்கு உண்டா?" என்றுதான் கேட்கிறார்.

இனி கேக். நூறு கிராம் வெண்ணெயை உருக்கி, சூடாக இருக்கும்போதே முப்பது கிராம் கோகோ பவுடரைப் போட்டுக் கட்டியில்லாமல் கலக்குங்கள். சூட்டில்தான் கோகோவின் வாசனை முழுசாகக் கிளம்பும். இந்தச் சாமான்களில் கோகோ இந்த மலையோடு ஒட்டாதது. அது பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு இடையே புழுக்கத்தில் வளர்கிற மரம், எங்கள் குளிருக்கு வராது. அதற்கு ஈடாக, சில்வர் ஓக் நிழலில் விளைந்த எங்கள் காப்பியின் கெட்டி டிகாக்ஷன் ஒரு ஸ்பூன் விடுகிறேன். காப்பி ருசி தெரியாது, சாக்லேட் ருசி தூக்கும். இருநூறு கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. ஆறினதும் இரண்டு முட்டை. கடைசியில் தொண்ணூறு கிராம் மைதாவைச் சலித்துப் போட்டு, மாவு மறைகிற வரை மட்டும் கலக்குங்கள். நுரைக்க அடித்தீர்களோ, பழைய கதை திரும்ப ஆரம்பித்துவிடும்.

வெண்ணெய் தடவிய ஏழு அங்குல அச்சில் இதை ஊற்றி, மேலே நாலைந்து இடத்தில் கடலை வெண்ணெயை ஸ்பூனால் விட்டு, ஈர்க்குச்சியால் சிக்குக் கோலம் போடுவதுபோல இழுத்துவிடுங்கள்.

ஓவனுக்கு நான் விடை கொடுத்துவிட்டேன். இங்கே காற்று மழை என்றால் எங்காவது மரம் சாயும், கரண்ட் போகும். பாதி வெந்த கேக்கோடு மின்வாரியத்துக்குப் போன் போட்டுக்கொண்டிருக்க முடியாது. பருப்பு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஏழரை லிட்டர் குக்கர் ஒன்று இருக்கிறது. அடியில் இரண்டு டம்ளர் கல்லுப்பு, அதன் மேல் ஒரு ஸ்டாண்ட். கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றி வைத்துவிட வேண்டும், ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. மூடி பத்து நிமிஷம் காயவிட்டு, அச்சை இறக்கித் தீயைக் குறைத்தால் முப்பது, முப்பத்தைந்து நிமிஷம். ஓரம் இறுகி, மேலே பொருக்கில் மயிரிழைக் கீறல் விழுந்து, நடுவில் மட்டும் அச்சை அசைத்தால் தளும்ப வேண்டும். இறக்கி ஒரு மணி நேரம் தொடாதீர்கள். ஆறும்போது அது ஒரு விரற்கடை அமுங்கும். அமுங்கட்டும்.

முதன்முதலில் அத்தைக்கு வெட்டிக் கொடுத்தபோது, கத்தியில் சாக்லேட் இழுத்துக்கொண்டு வந்தது. பழுப்பும் பொன்னிறமுமாய்க் கடலை வெண்ணெய் நடுவிலிருந்து மெல்ல வழிந்து தட்டில் தேங்கியது. அவர் கையால் பிட்டுப் பார்த்தார்.

"வெந்திருக்குதா, வேகலையா?"

"வெந்தது அத்தை. இப்படித்தான் இருக்கும்."

வாயில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. "களி மாட்டம் இருக்குது" என்றார். ராகிக் களியில் வளர்ந்தவர், அதைக் குறையாகச் சொல்லவில்லை என்பது தட்டை மறுபடி நீட்டியபோது தெரிந்தது.

போன மாசம் இதே கணக்கைச் சேலத்தில் நாத்தனார் வீட்டில் செய்தேன். நடுவும் வெந்து இறுகிச் சாதாரணக் கேக்காகிவிட்டது. கீழே இருப்பவர்கள் ஐந்து நிமிஷம் முன்னதாகவே மூடியைத் திறந்து பாருங்கள்.