ஓடுதா, நிக்குதா?

ஐப்பசி, கார்த்திகையில் தஞ்சாவூர்ப் பக்கம் போகாதீர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்போதுதான் போகணும். அதுவும், அந்த மண்ணில் பிறந்த மனைவியோடு!

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு டவுன் பஸ் ஏறுங்கள். சுமார் 13 கிலோமீட்டர்தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகள். சென்னையில் தண்ணி லாரிக்குக் குடம் தூக்கி வளர்ந்த எனக்கு ஒவ்வொரு பாலமும் திருவிழா. பக்கத்து சீட்டுக்காரர் முறைக்க முறைக்க, ஷட்டரைத் தூக்கிவிட்டுச் சாரலில் நனைந்தேன்.

என் மனைவி ஆற்றைப் பார்க்கவே இல்லை. "வயல்ல தண்ணி ஓடுதா, நிக்குதா பாருங்க" என்றாள்.

ஓடினால் பிழைத்தோம். நின்றால், புதுசாக நட்ட தாளடிப் பயிர் சில நாளில் அழுகிவிடும். டெல்டா தட்டையான பூமி. தண்ணீர் மெதுவாகத்தான் கடலுக்குப் போகும். வடிகாலில் ஆகாயத்தாமரை மண்டியிருந்தால் அதுவும் கிடையாது. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்குமா என்று ஏங்குகிற அதே ஜனங்கள், நவம்பரில் வானத்தைப் பார்த்து, 'போதும் சாமி' என்று கும்பிடுகிறார்கள்.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது, பட்டுக்கோட்டைப் பக்கம் இருக்கும் மாமனாரிடம் மூன்று நாள் பேச முடியவில்லை. தோப்பில் பாதித் தென்னை போய்விட்டது. அதிலிருந்து, ராத்திரி மழைச் சத்தம் கேட்டால் இவள் ஜன்னலைச் சாத்துவதற்கு முன் செல்போனைத் தேடுகிறாள்.

திருவையாற்றில் சுடச்சுட அசோகா வாங்கினோம். நெய் விரலோடு அப்பாவுக்கு போன் போட்டாள். 'சௌக்கியமா' எல்லாம் அப்புறம். முதல் கேள்வி, "வடிஞ்சிடுச்சாப்பா?"