ஓட ஓட அடங்கிவிடும்

கிரவுன் வேலை பார்க்கிற மெக்கானிக்குகளிடம் வழிவழியாக வருகிற பொய் ஒன்று இருக்கிறது. “புது செட்டு தம்பி, அதான் கொஞ்சம் சத்தம். ஓட ஓட அடங்கிரும்.”

அடங்காது. பிஸ்டன் ரிங்கு ஓட ஓடப் படியும். பிரேக் ஷூ படியும். பின் ஆக்சிலில் ஒன்றையொன்று கடித்துச் சுற்றுகிற பல்சக்கரங்களான கிரவுனும் பினியனும் அப்படியில்லை. தொழிற்சாலையிலேயே இரண்டையும் சேர்த்து ஓடவிட்டு, பல்லோடு பல் உரசிப் படிய வைத்து, ஜோடி மாறிவிடக் கூடாது என்று இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறித்து அனுப்புகிறார்கள். பூட்டின அன்றைக்கு ஊளையிட்டால் கடைசிவரை ஊளைதான். நாளாக ஆகக் கூடுமே தவிரக் குறையாது. இது தெரியாமல் சொல்கிற மெக்கானிக்கும் உண்டு. நான் தெரிந்தே சொன்னவன். ராஜபாளையம் பக்கம் சோழபுரத்தில் பட்டறை வைத்திருந்த காலத்தில் ஒரு வாடகைக் கார் ஓட்டுநரிடம் அதைச் சொல்லி, அவர் வண்டியைக் கெடுத்து, கெடுத்ததைச் சரிசெய்யவும் அவரிடமே காசு வாங்கினேன். பட்டறையை மூடியாகிவிட்டது. தொழில் கெட்டுப்போகும் என்ற பயம் இனி இல்லை. இவ்வளவு தைரியமாக எழுத வருவது அதனால்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் கைக்கு வந்தவை பெரும்பாலும் அம்பாசிடர்கள். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் அச்சு அது. கொல்கத்தா பக்கம் உத்தரபாராவில் ஐம்பதுகளின் கடைசியில் செய்ய ஆரம்பித்து 2014 மே மாதம் நிறுத்தினார்கள். எஞ்சின் முன்னால், இழுவை பின்னால். நடுவில் புரொப்பெல்லர் ஷாஃப்ட். அது கொண்டுவருகிற சுழற்சியைச் செங்குத்தாகத் திருப்பி இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுப்பதுதான் பின் ஆக்சிலின் நடுவில் உருண்டு தெரிகிற கூட்டுக்குள் இருக்கிற கிரவுன், பினியன், டிஃபரன்ஷியலின் வேலை. 1983 கடைசியில் மாருதி 800 வந்தது. அதில் எஞ்சின் குறுக்குவாட்டில் உட்கார்ந்து முன்சக்கரத்தை இழுக்கிறது. சுழற்சியைச் செங்குத்தாகத் திருப்ப வேண்டிய அவசியமே இல்லை. டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸுக்குள்ளேயே அடங்கிவிட்டது. இன்றைய பையன்கள் பலர் கிரவுனைத் தொட்டதே இல்லை. ஆனால் டாடா ஏஸும் பொலேரோவும் ஓடுகிற வரைக்கும் இந்த வேலை ஒழியாது, பொய்யும் ஒழியாது.

டிஃபரன்ஷியல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் மாட்டு வண்டியைக் காட்டுவேன். அதில் இரண்டு சக்கரமும் அச்சில் தனித்தனியாகச் சுற்றுகின்றன. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடும், உள்சக்கரம் குறைவாக ஓடும், ஒன்றுக்கொன்று சண்டையில்லை. இழுப்பது மாடு, அச்சு சும்மா இருக்கிறது. காரில் அச்சே சக்கரத்தைச் சுற்றியாக வேண்டும். இரண்டையும் ஒரே கம்பியில் கோத்தால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு டயர் தேய்ந்துகொண்டே வரும். 1820-களின் கடைசியில் பிரான்சில் பெக்கர் என்பவர் தன் நீராவி வண்டிக்காக இதற்கு விடை கண்டு காப்புரிமை வாங்கினார். கூண்டுக்குள் ஸ்டார் கியர், சன் கியர். நேர்ச்சாலையில் ஸ்டார் கியர்கள் கூண்டோடு சேர்ந்து சுற்றும், தம் அச்சில் சுழலாது. வளைவில் மட்டும் உருண்டு, ஒரு பக்கத்தில் குறைத்ததை மறுபக்கத்துக்குக் கூட்டும். ஏறக்குறைய இருநூறு வருஷமாக யாரும் இந்த அடிப்படையை மாற்றவில்லை.

கூண்டில் அவ்வளவு தகராறு வராது. தகராறெல்லாம் கிரவுனும் பினியனும் சேருகிற இடத்தில். பழைய கார்களில் பினியன், கிரவுனின் மையத்துக்கு நேராக நிற்கும். 1926-இல் அமெரிக்காவின் பேக்கார்டு கார் பினியனை மையத்துக்குக் கீழே இறக்கிக் காட்டியது. ஷாஃப்ட் தாழ்ந்தது, காரின் தரையும் தாழ்ந்தது, ஓட்டமும் சத்தமில்லாமல் ஆனது. அதற்கு ஒரு விலை உண்டு. இப்படி நிற்கிற பற்கள் உருளுவதோடு நில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் செய்யும். சாதாரண எண்ணெய் அந்த அழுத்தத்தில் விலகி ஓடிவிடும். அதனால்தான் கிரவுன் ஆயிலில் கந்தகம் கலந்த மருந்து சேர்க்கிறார்கள். டிரெயின் பிளக்கைக் கழற்றினதும் வருகிற வாடை, சிவகாசிப் பக்கத்துக்காரனான எனக்குப் புதிதில்லை.

இந்த இரண்டையும் சேர்ப்பது கணக்கு வேலை. பினியன் எவ்வளவு ஆழம் உள்ளே நிற்க வேண்டும் என்பதை அதன் தலைக்குப் பின்னால் இருக்கிற ஒரு வாஷரின் கனம் தீர்மானிக்கிறது. கிரவுன் எவ்வளவு நெருங்க வேண்டும் என்பதைப் பக்கவாட்டு பேரிங்குகளின் ஷிம் தகடு தீர்மானிக்கிறது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே விடுகிற ப்ளே கால் மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தலைமயிர் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பிடித்த கனம்தான். அதை விரலால் ஆட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. டயல் கேஜ் வேண்டும். கடைசியில் ரெட் லெட் பொடியை எண்ணெயில் குழைத்துப் பல்லில் பூசிச் சுற்றிப் பார்த்தால் எங்கே உரசுகிறது என்று தெரியும். அந்தச் சுவடு பல்லின் நடுவில் விழுந்தால் சரி. நுனியில் விழுந்தால் பினியன் வெளியே தள்ளி நிற்கிறது. அடிவேரில் விழுந்தால் அளவுக்குமேல் உள்ளே போய்விட்டது.

எல்லாம் எனக்குத் தெரியும். டயல் கேஜ் என்னிடம் இல்லை. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து இந்தப் பக்கத்தில் ஃபிட்டர்களுக்குப் பஞ்சமே கிடையாது. மில் ஃபிட்டர் ஒருவர் என் சிநேகிதர். “கேஜை வேணும்னா எடுத்துட்டு வாரேன், பூட்டும்போது சொல்லுங்க” என்பார். “நமக்குக் காது இருக்குங்க” என்று சிரித்து அனுப்பிவிடுவேன்.

அந்தக் காதுதான் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சிவகிரி வரை டாக்ஸிக்காரர்கள் வண்டியைக் கொண்டுவந்து, “ஒரு ரவுண்டு ஏறிப் பாருங்க அண்ணாச்சி” என்பார்கள். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் ஊளையா, காலை எடுக்கும்போது மட்டும் ஊளையா, வளைவில் மட்டும் கடகடவா, கியர் போட்டு கிளட்சை விட்டதும் ‘டொக்’கென்று ஓர் இடியா, நாலுக்கும் நாலு காரணம், கேட்டதும் சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் எங்கே கோளாறு என்பதைத்தான் காது சொல்லும். எத்தனை தவ் கனத்தில் ஷிம் போட வேண்டும் என்று சொல்லாது. இந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்தும், ஊருக்குத் தெரியக் கூடாது என்று வைத்திருந்தேன்.

கார்த்திகை பிறக்கப் போகிற நேரம் அந்த அம்பாசிடர் வந்தது. சபரிமலை சீசன்தான் டாக்ஸிக்காரனுக்கு அறுவடை. தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் என்று மலையேறிப் போய்வர வேண்டும். கிரவுன் தேய்ந்து கத்திக்கொண்டிருந்தது. ஓட்டுநர் தண்டலுக்கு வாங்கின பணத்தைக் கொடுத்தார். மதுரையிலிருந்து புது செட்டு வரவழைத்தேன். ஆக்சில் ஷாஃப்டை உருவி, புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி, கூட்டை முன்பக்கமாக இறக்கி, பழைய வாஷரையே புதுப் பினியனுக்கும் போட்டுப் பூட்டினேன். அதுவே முதல் தப்பு. ஒவ்வொரு பினியனின் தலையிலும் அதற்கான கூடுதல் குறைச்சல் அளவு பொறித்திருக்கும்; பழையதன் வாஷர் புதியதற்குப் பொருந்துவது அதிர்ஷ்டம்.

ரெட் லெட் பூசிச் சுற்றிப் பார்த்தேன். நுனியில் விழுந்தது.

செய்ய வேண்டியது என்ன என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. பினியனை மறுபடி கழற்றி, புல்லர் போட்டு பேரிங்கை இழுத்து, கனமான வாஷர் ஒன்றை ராஜபாளையம் லேத்தில் கிரைண்ட் பண்ணி வாங்கி, திரும்பவும் பேரிங்கை அடித்து ஏற்ற வேண்டும். பார்த்துவிட்டு அதுவும் சரியில்லையென்றால் இன்னொரு முறை. இருட்டிவிட்டது. காலையில் வண்டி தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். பட்டறைப் பையன் டார்ச் பிடித்து நின்றான். அவன் முன்னால், போட்டது சரியில்லை என்று கழற்ற எனக்கு மனசு வரவில்லை.

அதனால் பினியனை விட்டுவிட்டு கிரவுனை அதன் பக்கம் நெருக்கினேன். ஷிம்மை இந்தப் பக்கம் எடுத்து அந்தப் பக்கம் போட்டால் நெருங்கும். சுவடு நுனியிலிருந்து கொஞ்சம் இறங்கி, பார்க்கச் சுமாராகத் தெரியும். தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் இந்தத் திருட்டு தெரியும். இதில் பல்லுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளி இல்லாமல் போய்விடுகிறது. எண்ணெய் நிற்க இடமில்லை, இரும்பு சூடேறி விரிய இடமில்லை. பிறகு ஒரு துணியை எடுத்து ரெட் லெட்டைத் துடைத்தேன். துடைக்கிற அவசியமே கிடையாது. எண்ணெயில் தானாகக் கலந்துவிடும். காலையில் யாரும் பார்க்கக் கூடாது என்று துடைத்தேன்.

காலையில் ஓட்டுநரோடு ஒரு சுற்று போனோம். ஐம்பதைத் தொட்டதும் ஊளை வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அவர் நம்பினார். என் காதை நம்பாமல் தன் காதை நம்ப அவருக்கு என்ன காரணம் இருந்தது?

புளியரை தாண்டி எஸ் வளைவு ஏற்றத்தில் பினியன் பல் உடைந்தது. வண்டி நிறைய மாலை போட்ட சாமிமார்கள். ஏற்றத்தில் இழுவை அற்று வண்டி பின்னோக்கி நகர்ந்தது; கைபிரேக்கை இழுத்து, இறங்கிக் கல்லை வைத்திருக்கிறார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை என் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன், அவர்களுடையது என்று சொல்ல எனக்கு வாயில்லை.

வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். கூட்டைத் திறந்தேன். ஆயில் இரும்புப் பொடியில் சாம்பல் நிறமாகியிருந்தது. உடையாத பற்களில் சூட்டினால் நீலம் பாய்ந்திருந்தது. மினுமினுப்பு நுனியில் ஒரு கீற்றாக ஓடியது. என்ன நடந்தது என்று பல்லிலேயே எழுதியிருந்தது. நான் வாயைத் திறக்கும் முன்னால் ஓட்டுநரே சொன்னார்: “என் தப்புதான் அண்ணாச்சி. ஆசைப்பட்டு ரெண்டு பேரைக் கூட ஏத்திட்டேன்.”

“ஆமா தம்பி, லோடு ஜாஸ்தி” என்றேன்.

இரண்டாவது செட்டுக்கும் கூலிக்கும் முழுசாக வாங்கினேன். இந்த முறை மில் ஃபிட்டரைக் கூப்பிட்டு, அவர் கேஜை வைத்து, வாஷரைத் தேய்த்து, சுவடு பல் நடுவில் விழுகிற வரை கழற்றிப் பூட்டினேன். வண்டி சத்தமே இல்லாமல் ஓடியது. ஓட்டுநர் சந்தோஷத்தில், “மொதல்ல வந்தது மட்டமான சரக்கு போல அண்ணாச்சி” என்றார். அதற்கும் ஆமாம் போட்டேன். உதிரிபாகக் கடைக்காரர் செய்யாத தப்பும் அவர் கணக்கில் ஏறியது.

வறுமை என்று சொல்ல முடியாது, அன்றைக்கு நல்ல வருமானம். வேலை தெரியாது என்றும் சொல்ல முடியாது, இரண்டாம் முறை செய்ததே சாட்சி. மறுபடி கழற்றுவது என்கிற ஓர் இரவு வேலையும், பையன் முன்னால் தோற்ற முகமும், இந்த இரண்டுதான். இதற்கு முன்பும் பின்பும் சின்னச் சின்னதாகச் செய்திருக்கிறேன். கிரவுன் நன்றாக இருக்கிறது என்று பினியனை மட்டும் பழைய சாமானில் எடுத்து மாற்றியது, பேரிங் மூடிகளை இடம் வலம் மாற்றிப் போட்டது. அவை எதுவும் என்னை இவ்வளவு உறுத்தவில்லை.

டார்ச் பிடித்த பையன் இன்று தனிப் பட்டறை வைத்திருக்கிறான். நல்ல வேலைக்காரன். கொஞ்ச நாளைக்கு முன்னால் அவன் பட்டறையில் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒரு டாடா ஏஸ் கிரவுன் வேலை முடிந்து ட்ரையல் போய்வந்தது. ஓட்டுநர் சத்தம் இருக்கிறதே என்றார். என் வார்த்தையை, என் தொனியில், தோளில் கை வைப்பது உட்பட, அவன் அப்படியே சொன்னான். நான் அவனைத் திருத்தவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இதை எழுதுவதற்கு அதுதான் உடனடிக் காரணம். அவனிடம் நேரில் சொல்ல வேண்டியதை இப்படிச் சுற்றி வளைத்துச் சொல்கிறேன் என்பதும் ஒரு கோழைத்தனம்தான்.

பின்சக்கர இழுவை வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கிரவுன் மாற்றும்போது கூட்டை மூடுவதற்கு முன்னால் போய் நில்லுங்கள். கிரவுனிலும் பினியனிலும் ஒரே ஜோடி எண் இருக்கிறதா என்று பாருங்கள். சாயம் பூசிச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். சுவடு பல்லின் நடுவில் விழ வேண்டும். பூட்டின பிறகு ஐம்பது, அறுபதில் ஓட்டி, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துப் பாருங்கள். ஊளை வந்தால் பணம் கொடுக்காதீர்கள், யார் என்ன சொன்னாலும்.

அந்த அம்பாசிடர் ஓட்டுநருக்கும் ஒன்று. தம்பி, நீங்கள் ஏற்றின லோடில் அந்தப் பல் உடையவில்லை. மதுரைக் கடைக்காரர் கொடுத்த சரக்கும் மட்டமில்லை. இரண்டாவது செட்டின் விலையும் கூலியும், வண்டியை இழுத்து வந்த செலவும், சீசனில் உங்களுக்குப் போன வாடகையும் நான் தர வேண்டிய பாக்கி. பட்டறை இருந்த இடத்துக்குப் பின்னால்தான் வீடு. வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.