சேமியாவுக்கு ஆபரேஷன் பண்ணலாமா? (இழை)

ஒரு முயலுக்குக் கருத்தடை ஆபரேஷன் பண்ணலாமா வேண்டாமான்னு மூணு வாரம் தூக்கம் கெட்ட கதை. கொஞ்சம் நீளம். முயல் வளர்க்கறவங்க முழுசா படிங்க. மத்தவங்க டீயோட படிங்க.

நான் அரசு மருத்துவமனைல டியூட்டி டாக்டர். வெறும் எம்பிபிஎஸ். போன வருஷம் ஊர்த் திருவிழாக் கடைல என் பொண்ணு அடம் பிடிச்சு ஒரு வெள்ளை முயல் குட்டி வாங்கினா. வித்தவர் "ஆண் குட்டிம்மா, தொல்லையே இருக்காது"ன்னார். பேரு சேமியா. ஏன்னு கேட்காதீங்க, பேர் வச்சவளுக்கு வயசு 7.

அதுக்கு ஏழு மாசம் ஆனப்போ, ஒருநாள் நைட் டியூட்டி முடிஞ்சு வந்து பார்த்தா கூண்டு முழுக்க வெள்ளை முடி. சேமியா தன் நெஞ்சு முடியைத் தானே பிடுங்குது. வாய் நிறைய காய்ஞ்ச புல்லைக் கவ்விட்டு மூலைக்கு ஓடுது. கிட்ட போனா உறுமுது. ஏதோ தோல் நோய்னு நினைச்சேன். வீட்ல பொண்ணுக்கு வாங்கின அமாக்சிசிலின் சிரப் இருந்துச்சு. ரெண்டு சொட்டு கொடுத்தா என்னன்னு கூட ஒரு நிமிஷம் யோசிச்சேன்.

நல்ல வேளை, கொடுக்கல. நாங்க தினமும் எழுதற அந்த மருந்து வாய் வழியா போனா, முயல் குடல்ல இருக்கற நல்ல கிருமிங்க அழிஞ்சு உயிருக்கே ஆபத்தாயிடும். இது எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்ச மனுஷ டாக்டர் எவ்ளோ கெட்டிக்காரரா இருந்தாலும் முயலுக்கு மருந்து கேட்காதீங்க. என்கிட்டயும்தான்.

கால்நடை மருத்துவர் தூக்கிப் பார்த்துட்டுச் சிரிச்சார். "மேடம், இது பொண்ணு. பொய்க் கர்ப்பம்."

முயலுக்கு நம்மள மாதிரி மாசா மாசம் முட்டை வெளிய வர்றதில்ல. இணை சேர்ந்த அப்புறம்தான் வரும். சில நேரம் ஆணே இல்லாமலும் உடம்பு ஏமாந்துடும். ரெண்டு வாரத்துக்கு மேல கர்ப்பம்னே நம்பி, முடியைப் பிடுங்கிக் கூடு கட்டி, வராத குட்டிக்காகக் காத்திருக்கும். அப்புறம் தானா சரியாயிடும். திரும்பவும் வரும்.

இந்த உடம்பு விஷயத்தை வச்சுத்தான் ஒரு காலத்துல பொம்பளைங்களுக்குக் கர்ப்பப் பரிசோதனையே நடந்துச்சு. 1931ல வந்த ஃப்ரீட்மேன் டெஸ்ட். பொண்ணோட சிறுநீரை முயலுக்கு ஊசி போட்டு, அப்புறம் முயலை அறுத்து சினைப்பையைப் பார்ப்பாங்க. ரிசல்ட் என்னவா இருந்தாலும் முயல் செத்துடும். எங்க தொழில் முயலுக்குப் பட்ட கடன் கொஞ்சநஞ்சமில்ல.

சரி, விஷயத்துக்கு வர்றேன். "கர்ப்பப்பையை எடுத்துடலாம்"னார் டாக்டர். வீட்ல ஆண் முயல் கிடையாது, குட்டி போடற பயமே இல்ல, அப்புறம் எதுக்குன்னு கேட்டேன். "கேன்சர்"னார். பெண் முயலுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் ரொம்ப சகஜம். இனத்துக்கு இனம் மாறும், ஆனா 4 வயசு தாண்டினதுல பாதிக்கும் மேலன்னு சில பதிவுகள் சொல்லுது. நல்லா பார்த்துக்கிட்டா முயல் எட்டு, பத்து வருஷம் கூட இருக்கும். அதாவது பாதி ஆயுசுக்கு முன்னாடியே தலைக்கு மேல கத்தி.

ராத்திரி உட்கார்ந்து மயக்க மருந்து பக்கம் படிச்சேன். பிரிட்டன்ல பெருசா எடுத்த கணக்கு, 2008ல வெளியானது. மயக்க மருந்தால 48 மணி நேரத்துக்குள்ள சாகறது நாய்ல 0.17 சதவீதம், பூனைல 0.24, முயல்ல 1.39. கிட்டத்தட்ட 72 முயல்ல ஒண்ணு. நோயில்லாத முயலை மட்டும் எடுத்தா ஏறக்குறைய பாதியா குறையுது. அப்பவும், நல்லா குதிச்சிட்டு இருக்கற ஒரு உயிருக்கு அது பெரிய எண்தான்.

அம்மா ஒரே வார்த்தைல முடிச்சுட்டாங்க. "நல்லா இருக்கற ஜீவனை எதுக்குடி அறுக்கணும்?"

பதில் சொல்ல முடியல. ஆஸ்பத்திரில கு.க. ஆபரேஷனுக்கு வர்ற அம்மாக்கள்கிட்ட கையெழுத்து வாங்கறவ நான். "ஒண்ணும் ஆகாதுல்ல மேடம்?"னு கேட்பாங்க. "எத்தனையோ பேருக்குப் பண்றோம்மா"ன்னு சொல்லிட்டே பேனாவை நீட்டுவேன். ரெண்டு நிமிஷ வேலை. ஆனா அவங்க தன் உடம்புக்குத் தானே கையெழுத்துப் போடறாங்க. சேமியாவுக்கு நான் போடணும். ஏதாவது ஆனா என் பொண்ணு முகத்தைப் பார்க்கணும்.

திரும்பவும் டாக்டர்கிட்ட போனேன். எங்ககிட்ட நோயாளிங்க கேட்கத் தயங்கற கேள்வியைக் கேட்டேன். "நீங்க எத்தனை பெண் முயலுக்குப் பண்ணிருக்கீங்க சார்?"

"11. அதுல ஒண்ணு போயிடுச்சு."

அவரா சொன்னார். நான் கேட்கல. 72ல ஒண்ணை விட 11ல ஒண்ணு மோசம்னு மனசு கணக்குப் போடுது, ஆனா எனக்கு அவர்மேல நம்பிக்கை வந்ததே அந்த இடத்துலதான். எப்படிப் போச்சுன்னு கேட்டேன். ஆபரேஷன் நல்லாத்தான் முடிஞ்சதாம். வீட்ல வலி மருந்தை ஒழுங்கா கொடுக்கல. முயல் சாப்பிடல. "மயக்கம்தான், தூங்கட்டும்"னு விட்டுட்டாங்க. மூணாவது நாள் தூக்கிட்டு வந்தப்போ குடல் நின்னு போயிருந்துச்சு.

அந்த பிரிட்டன் கணக்கைத் திரும்பப் புரட்டினேன். அதுலயும் முயல் சாவுல பாதிக்கும் மேல ஆபரேஷன் முடிஞ்ச பிறகுதான். மேஜை மேல நடக்கறது என் கையில இல்ல. அதுக்கு அப்புறம் நடக்கறது பெரும்பாலும் என் கையில.

எங்களைப் பார்த்து எல்லாரும் கேட்கற ஒண்ணையும் கேட்டேன். "உங்க வீட்டு முயலா இருந்தா என்ன பண்ணுவீங்க?" இதுக்கு நான் எப்பவும் நழுவிடுவேன். அவர் நழுவல.

"பண்ணுவேன் மேடம். ஆனா மூணு நாள் லீவு போட்டுட்டுப் பண்ணுவேன்."

லீவு போட்டேன். காரணம்: சொந்த வேலை.

"காலைல நல்லா சாப்பிட வச்சு, அது சாப்பிடறதையும் எடுத்துட்டு வாங்க"ன்னார். "வெறும் வயிறா இருக்க வேண்டாமா?"ன்னு அனிச்சையா வாயில வந்துடுச்சு. முயலுக்கு வாந்தி எடுக்கவே வராதாம். பட்டினி போட்டாத்தான் ஆபத்து.

ஆபரேஷன் பத்தி சொல்ல ஒண்ணுமில்ல. வெளிய பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன், எங்க ஆஸ்பத்திரி வராண்டாவுல உட்கார்ந்திருக்கறவங்க மாதிரியே. எடுத்த கர்ப்பப்பையைக் காட்டினார். ரெண்டு தனித்தனிக் குழாய், ரெண்டு வாய். மனுஷிக்கு அப்படி இருந்தா பிறவிக் குறைன்னு படிச்சோம். முயலுக்கு அதுதான் இயல்பு.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தோம். மூலைல சுருண்டு உட்கார்ந்துச்சு. கொத்தமல்லித் தழை வேண்டாம். அருகம்புல் வேண்டாம். வலி மருந்து கொடுத்தேன். முயல் தீவனத்தை ஊற வச்சுக் கரைச்சு, ஊசி இல்லாத சிரிஞ்சுல கடைவாய்ல கொஞ்சம் கொஞ்சமா விட்டேன். பாதி என் நைட்டிலதான். ராத்திரி 11 மணிக்கு அம்மா வந்து பக்கத்துல உட்கார்ந்து, ஒண்ணும் பேசாம அதோட காதைப் பிடிச்சுக்கிட்டாங்க. 1 மணிக்கு, 3 மணிக்குன்னு மாத்தி மாத்திக் கொடுத்தோம்.

வயித்துல ஆபரேஷன் ஆன ஒவ்வொரு நோயாளிகிட்டயும் காலைல ரவுண்ட்ஸ்ல நாங்க கேட்கற முதல் கேள்வி, "காத்து பிரிஞ்சுதா?" கேட்டுட்டுப் பதிலைக் கூட முழுசா காதுல வாங்காம அடுத்த பெட்டுக்குப் போயிடுவேன்.

விடியற நேரம் அசந்துட்டேன். பொண்ணு தோளைப் பிடிச்சு உலுக்கினா.

"அம்மா, அம்மா, எழுந்திரு. சேமியா புழுக்கை போட்டிருக்கு. எண்ணிட்டேன். ஒம்போது!"