துடைக்காத கத்தரி

வர்தா புயல் கரையைக் கடந்த மறுநாள் அது. 2016 டிசம்பர் 13. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. வேப்பமரமும் வாதமரமும் குறுக்கே விழுந்து கிடந்தன. விடிந்ததும் என் எலுமிச்சையில் முறிந்து தொங்கிய கிளைகளைக் கவாத்துக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அக்கா வந்தார். ‘தம்பி, நம்ம எலுமிச்சையிலயும் ரெண்டு கிளை முறிஞ்சு தொங்குது, கொஞ்சம் வெட்டி விட்டுடறீங்களா?’ என்றார். கையிலிருந்த ஈரக் கத்தரியோடு அப்படியே போய் வெட்டினேன். என் மரத்தின் நோய் அந்தக் கத்தரியில் ஒட்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் வெட்டினேன்.

அந்த வருஷம் ஆடி மாதமே தெரியும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டிய மழைக்குப் பிறகு, துளிர் இலைகளில் சின்னச் சின்னத் தடிப்புகள் வந்தன. சத்துக் குறைவு என்று நினைத்து நுண்ணூட்டம் வாங்கித் தெளித்தேன். காய்களிலும் சொரசொரப்பு ஏறியபோதுதான் நாலு இலையைப் பறித்துக்கொண்டு பூச்சிமருந்துக் கடைக்குப் போனேன். அங்கே உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் ஒருவர் இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தடிப்பு இரண்டு பக்கமும் விரலில் தட்டியது. பழுப்பாக, கார்க் மாதிரி. அதைச் சுற்றி மஞ்சள் வளையம். ‘சொறி நோய்’ என்றார்.

பூஞ்சாணம் இல்லை, சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியா. மழைத்துளி அந்தத் தடிப்பில் பட்டுத் தெறிக்கும்போது அதோடு வெளியே வந்து, இலையின் துளைகள் வழியாகவும் காயங்கள் வழியாகவும் உள்ளே போகும். இலைத்துளைப்பான் புழு இலைக்குள் போட்டுவைக்கும் வெள்ளிக்கோடு அதற்குத் திறந்த வாசல். காற்றடிக்கும்போது மரத்தின் முள்ளே அதன் இலையைக் குத்தும், அதுவும் வாசல். நாட்டு எலுமிச்சைக்குத் தாங்கும் சக்தி குறைவு. மழைக்காலத்தில் வெட்டாதே, வெயில் நாளில் வெட்டு; நோய் தெரியும் இடத்துக்கு ஒரு சாண் கீழே வெட்டு; வெட்டியதை எரித்துவிடு; துளிர் விடும்போது காப்பர் ஆக்சி குளோரைடு லிட்டருக்கு 3 கிராம் தெளி; இலைமேல் தண்ணீர் அடிக்காதே. இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக, ‘ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை ஸ்பிரிட்டில் துடைக்கணும். இல்லேன்னா நீங்களே பரப்புவீங்க’ என்றார்.

ஒருமுறை மருந்து தெளித்தேன். அதோடு சரி. நோயை யாரிடமும் சொல்லவில்லை. தெருவில் என் மரத்துக்கு ஒரு பேர் இருந்தது. நவராத்திரிக்கு எல்லா வீட்டுக்கும் என் வீட்டு எலுமிச்சைதான் போகும். அந்தப் பேரை விட எனக்கு மனசு வரவில்லை.

அன்று காலை ஸ்பிரிட் பாட்டில் வராண்டா அலமாரியில்தான் இருந்தது. பத்தடி தூரம். அக்கா பக்கத்தில் நின்றிருந்தார். எடுத்துத் துடைத்தால் ‘எதுக்கு தம்பி?’ என்று கேட்பார், சொல்ல வேண்டிவரும். அதற்காகத்தான் எடுக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்துக்குள் அவர் மரம் முழுக்கச் சொறி பிடித்துவிட்டது. ஒரு காயை எடுத்துவந்து காட்டினார். ‘ஊறுகாய் போட்டா பார்க்கவே அருவருப்பா இருக்கு தம்பி, என்னாச்சு இதுக்கு?’ புயலில் உப்புக் காற்று அடித்ததல்லவா, அதனால்தான் என்று சொன்னேன். இந்தப் பொய்யைத்தான் முக்கியமாக ஒப்புக்கொள்ள வேண்டும். கத்தரி ஒரு நிமிஷத்துக் கோழைத்தனம். இந்தப் பதிலை நான் நின்று, யோசித்து, சொன்னேன். அவர் நம்பினார். 2019 கோடையில் ஆள் வைத்து மரத்தை வெட்டினார். நான் என் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாக்கு ஒன்று என்னிடம் வெகுநாள் இருந்தது. அமெரிக்காவின் புளோரிடாவில் இந்தச் சொறியை ஒழிக்க, நோய்ப்பட்ட மரத்தைச் சுற்றி 1,900 அடிக்குள் இருந்த எலுமிச்சை, ஆரஞ்சு வகை மரங்கள் அத்தனையையும், வீட்டுக் கொல்லையில் நின்றதைக்கூட, வெட்டினார்கள். 2004, 2005 புயல்கள் நோயை எங்கெங்கோ கொண்டுபோனதால் 2006இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். எனக்கும் அக்காவுக்கும் நடுவில் முப்பது அடி. வர்தாவே கொண்டுபோயிருக்கும், கத்தரி என்ன செய்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருக்கலாம். ஆனால் அவர் மரத்தில் சொறி முதலில் வெடித்தது நான் வெட்டிய இரண்டு கிளைகளின் அடித்துளிரில். அதை நான் பார்த்தேன், அவர் கவனிக்கவில்லை.

குளிர்நாடுகளில் ஆப்பிள், பேரிக்காய் மரங்களைத் தீயில் வாட்டியதுபோலக் கருக்கும் தீக்கருகல் என்றொரு பாக்டீரியா நோய் உண்டு. செடிகளுக்கும் பாக்டீரியாவால் நோய் வரும் என்று 19ஆம் நூற்றாண்டில் முதலில் தெரிந்ததே அதை ஆராய்ந்துதான். அங்கேயும் வெட்டுக்கு வெட்டு கத்தரியைச் சுத்தம் செய்யத்தான் சொல்கிறார்கள். அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

போன தை மாதம் அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மரம் இருந்த இடத்தில் இப்போது முருங்கை நிற்கிறது. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘உப்புக் காத்துன்னு ஏன் தம்பி சொன்னீங்க?’ என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்றும் பாக்கி. தடிப்பு தெரிய ஆரம்பித்த பிறகு, பூச்சிமருந்துக் கடைக்குப் போவதற்கு முன்பு, அதே மரத்தில் பதியன் போட்டு ஐந்து செடிகளைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்திருந்தேன். நோய் என்று தெரிந்த பிறகும் ஒருவருக்கும் போன் செய்யவில்லை. இப்போது வீடு வீடாகப் போகிறேன். பிளாஸ்டிக் வாளியில் பத்து கிராம் மயில்துத்தத்தைக் கரைத்து, பத்து கிராம் நீற்றின சுண்ணாம்பைத் தனியே கரைத்து, இரண்டையும் சேர்த்து ஒரு லிட்டர் ஆக்குகிறேன். இரும்புக் கத்தியை முக்கிப் பார்க்கிறேன். செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. அதைத் தெளிப்பதற்கு முன்னால் நோய்க்கிளைகளை வெட்டுகிறேன், ஒவ்வொரு வெட்டுக்கும் துடைத்து. சேலையூரிலும் பெருங்களத்தூரிலும் மரம் பிழைத்துக்கொள்ளும் போலிருக்கிறது. செம்பாக்கத்தில் வேரோடு எடுக்கச் சொன்னேன், எடுத்துவிட்டார்கள். மாடம்பாக்கத்துக்கும் முடிச்சூருக்கும் இன்னும் போகவில்லை. முடிச்சூர்ப் பெரியம்மா அந்த மரத்துக் காய்களைப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுப்பதாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.