நூல் கட்டிய தோட்டா

கல்லூரி ஆசிரியனிடம் ஊரவர் யோசனை கேட்கும் விடயங்கள் பல. பிள்ளையை விஞ்ஞானப் பிரிவில் விடலாமா, கலைப் பிரிவில் விடலாமா. கிணற்றுக்கு எத்தனை குதிரை வலுவுள்ள பம்பி வேண்டும். மகளுக்கு வந்த மாப்பிள்ளை பட்டதாரியென்பது மெய்தானா? இவற்றுக்கெல்லாம் நாம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக விடை கூறி வருகின்றோம். துவக்குக்குத் தோட்டா தெரிந்து தரும்படி மட்டும் எம்மை ஒருவரும் கேட்டதில்லை. சென்ற மாதம் அதுவும் நேர்ந்தது.

கேட்டவன் எமது மருமகன். மச்சானுடைய மூத்த மகன். கனடாவில் அல்பேர்ட்டா மாகாணத்தில் தொழில் பார்க்கின்றான். இலையுதிர் காலத்தில் அனுமதிப்பத்திரம் பெற்று மான் வேட்டைக்குப் போவது அவ்விடத்து வழக்கம். அவனும் அதிற் பழகிவிட்டான். கடையில் விற்பது போதாதென்று, தன் தோளுக்கும் கைக்கும் அளவெடுத்து ஒரு ரைபிள் செய்விக்கப் போகின்றானாம். "பௌதிகவியல் படிப்பிக்கிற மாமாவுக்கு இது ஒரு கணக்குத்தானே!" என்று எழுதியிருந்தான்.

அவன் செய்விப்பது 'சோர்ட் ஆக்சன்' என்னும் குறும்பொறி ரைபிள். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டி, சுட்ட பின் வெற்றுக் கோதை வெளியே எறியும் பொறியே 'ஆக்சன்' எனப்படுவது. நெடும்பொறியில் ஏறக்குறைய 85 மில்லிமீற்றர் நீளமுள்ள தோட்டா இயங்கும். குறும்பொறியில் 71 மில்லிமீற்றர் அளவே இயங்கும். பொறி குறுகினால் துவக்கின் பாரம் சிறிது குறையும். கையும் விரைவாய் இயங்கும். ஆனால் ஒருமுறை பொறியைத் தெரிந்துவிட்டால், பின்னர் அதற்குள் அடங்கும் தோட்டாக்களுள் ஒன்றையே தெரிய வேண்டும்.

அவன் நான்கு பெயர்களை எழுதியிருந்தான். 1955இல் வந்த 243 வின்செஸ்டர். 1980இல் வந்த 7 மி.மீ.-08 ரெமிங்டன், 2007இல் வந்த 6.5 கிரீட்மூர், 2001இல் வந்த 300 வின்செஸ்டர் சோர்ட் மாக்னம். இவற்றுள் மாக்னமே பலத்திற் பெரியது. அவன் மனமும் அதிலேயே நின்றது. காரணத்தை ஒரே வரியில் எழுதியிருந்தான்: "அப்பப்பாவின் துவக்குக்குப் பலம் போதாமல்தானே அன்று அந்தப் பன்றி தப்பியது? அந்தப் பிழையை நான் விடக்கூடாது."

அவ்வரியை வாசித்ததும் கடிதத்தை மூடி வைத்துவிட்டு, நாம் சிறிது நேரம் முற்றத்தில் உலாவினோம். அவன் கேட்டது கணக்கன்று என்பது எமக்கு மட்டுமே தெரியும்.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரம் எழுவான்கரை. மேற்கே வயலும் காடும் படுவான்கரை. களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து மேற்கே சென்றால், போரதீவுப்பற்றிலே வெல்லாவெளி வரும். எமது தாய்வழி வயல் அங்கேதான் உண்டு. அயலில் ஆனைகட்டியவெளி என்றே ஓர் ஊர் இருக்கின்றது. பெயரே நிலைமையைச் சொல்லும். கதிர் பால்பிடிக்கத் தொடங்கியது முதல் அறுவடை முடியும்வரை அவ்வட்டைகளில் இரவு உறக்கம் என்பது இல்லை. பன்றி வரும், யானை வரும். பரணிலே காவல் இருந்தாக வேண்டும்.

எமது அம்மானிடம் ஒற்றைக்குழல் வேட்டைத் துவக்கு ஒன்று இருந்தது. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதி பெற்று, பயிர்க் காவலுக்கென வைத்திருந்தார். '12 போர்' துவக்கு அது. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், அவற்றில் ஒன்று எந்தக் குழலினுள் அளவாகச் செல்லுமோ அதுவே 12 போர். பிள்ளைகளுக்கு இதனைச் சொன்னால் இன்றும் வியக்கின்றனர்.

அம்மானின் தோற்பையில் இருவகைத் தோட்டாக்கள் கிடக்கும். ஒன்று நாலாம் நம்பர். காட்டுக்கோழிக்கும் புறாவுக்கும் உரியது. அதில் ஓர் அவுன்சு ஈயத்துக்கு 170 சிறு குண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு கிராமில் ஆறிலொரு பங்கு. மற்றது 'எஸ்.ஜி.', பன்றிக்கு உரியது. அதில் அவுன்சுக்கு எட்டே குண்டுகள்; ஒவ்வொன்றும் மூன்றரைக் கிராம். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. வாயை மூடிய வட்ட அட்டையில் அச்சிட்ட எழுத்தைப் பார்த்தே வேறுபாடு காணலாம். யானைக்கு இரண்டுமே ஆகா என்பது அம்மானின் சட்டம். "அதுக்கு ஆனைவெடியும் கூக்குரலும்தான். ஈயத்தை ஏத்தி அனுப்பினா, அது நோவோட திரும்பி வரும். அப்ப ஆர் முன்னால நிக்கிறானோ அவனுக்குத்தான் கேடு" என்பார். யானையைச் சுடுவது 1937ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி குற்றமென்பது பின்னரே எமக்குத் தெரியும். அம்மானின் நியாயம் அதற்கு முன்னரே தெரியும். இலங்கையில் 2023ஆம் ஆண்டில் மாத்திரம் 450க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதரும் இப்பகையில் மாண்டதைப் பத்திரிகையில் வாசித்தபோது அவர் சொல்லே நினைவில் வந்தது.

பரணிலே பிள்ளை இருக்கும்போது துவக்கினுள் தோட்டா இருக்கலாகாது என்பது அவருடைய இன்னொரு சட்டம். ஆதலால் மிருகம் வந்த பின்னரே இருளில் தோட்டா இடுவார். வெளிச்சம் காட்டினால் பன்றி ஓடிவிடும். அதற்காக அவர் ஓர் உபாயம் கண்டிருந்தார். எஸ்.ஜி. தோட்டாக்களின் அடியைச் சுற்றிச் சிவப்பு நூல் கட்டி வைத்திருப்பார். விரலுக்கு நூல் தட்டுப்பட்டால் பன்றித் தோட்டா. தட்டுப்படாவிட்டால் கோழித் தோட்டா.

1984ஆம் ஆண்டுத் தை மாதம். எமக்கு ஒன்பது வயது. பொங்கல் விடுமுறைக்கு வயலுக்குச் சென்றிருந்தோம். பகலில் அம்மான் உறங்கும் வேளை, வாய்க்காலில் மீன் பிடிக்க ஆசை எழுந்தது. தடி இருந்தது, தூண்டில் இருந்தது, மிதப்புக் கட்ட நூல் இல்லை. தோற்பையைத் திறந்து இரண்டு தோட்டாக்களின் நூலை அவிழ்த்தோம். மாலையில் அச்சம் பிடித்தது. நூலைக் கழுவி, காயவைத்து, பையில் கைக்கு வந்த இரண்டு தோட்டாக்களிற் கட்டிவிட்டோம். எமக்கு அன்று நூல் திரும்பிப் போனதே பெரிது. எதிற் போனது என்பது பெரிதாகத் தோன்றவில்லை.

அன்றிரவு நடுச்சாமத்தில் வயலின் மேலைக் கரையில் கதிர் முறியும் ஓசை கேட்டது. அம்மான் பையினுள் கைவிட்டார். விரல் நூலைத் தேடியது, கண்டது. தோட்டா குழலினுள் சென்றது. அவர் எமது தோளைத் தொட்டு, "மனே, வெளிச்சம்" என்றார். நாம் ரோச் விளக்கை அழுத்தினோம். இருபது பாக தூரத்தில் பெரிய ஆண் பன்றி ஒன்று தலை நிமிர்ந்தது. வெடி தீர்ந்தது. பன்றி வீரிட்டு அலறிக்கொண்டு பற்றைக்குள் பாய்ந்தது. விழவில்லை.

விடியற்காலையில், எமது வயலை ஆண்டு முழுவதும் பார்த்துவந்த முல்லைக்காரர், நடந்தது அறியாமல், வக்கடை திறக்க அந்தப் பற்றையோரமாகச் சென்றார். உடல் முழுதும் சிறு குண்டு தைத்து நோவில் கிடந்த பன்றி அவர்மீது பாய்ந்தது. தொடை கிழிந்தது. உழவு யந்திரப் பெட்டியில் வைக்கோல் பரப்பி, அவரைக் களுவாஞ்சிகுடி வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றனர். உயிர் தப்பியது. கால் பழைய காலாக வரவில்லை.

அவரை அனுப்பிவிட்டு வந்த அம்மான், தோற்பையைக் கவிழ்த்தார். நூல் கட்டிய மற்றத் தோட்டாவை எடுத்து வாயட்டையைப் பார்த்தார். '4' என்றிருந்தது. பின்னர் நூலின் முடிச்சைப் பார்த்தார். அவர் இடுவது வண்டிக் கயிற்று முடிச்சு. இதுவோ சப்பாத்துக்கு இடும் பூ முடிச்சு. சப்பாத்து அணிந்து பள்ளிக்கூடம் சென்றவர் அவ்வீட்டில் நாம் ஒருவரே. அவர் எம்மைப் பார்க்கவில்லை. முடிச்சை அவிழ்த்தார், எஸ்.ஜி. தோட்டாவைத் தேடி எடுத்து அதிற் கட்டினார், பையை மூடினார்.

கேட்டவர்க்கெல்லாம், "பிழை என்ட. பாக்காமப் போட்டுட்டன்" என்றே கூறினார். அடுத்த போகம் முதல் ஒரு துண்டு வயலின் விளைச்சலை முல்லைக்காரர் வீட்டுக்கு அளந்தார். பின்னர் போர் முற்றியது. துவக்கும் வீட்டைவிட்டுப் போயிற்று. அந்த அளவை மட்டும், விளைந்த ஆண்டுகளில், 2009இல் அவர் கண்மூடும்வரை நிற்கவில்லை. அவர் பேரப்பிள்ளைகளோ, 'அப்பப்பாவின் துவக்குக்குப் பலம் போதாது' என்று கதை சொல்லி வளர்ந்தார்கள். நாமும் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

இப்பொழுது மருமகனுக்கு விடை எழுத வேண்டும். அவன் மாக்னத்தை விரும்புவது அக்கதையினால். கதை பொய்யென்று சொல்லாமல் கணக்கை மட்டும் எழுதினால், அது நாம் மாணவருக்குப் படிப்பிக்கும் முறையாகாது.

முதலிற் கணக்கை எழுதினோம். அப்பப்பாவின் துவக்குக்குப் பலம் குறைவில்லை. நாலாம் நம்பரிலும் எஸ்.ஜி.யிலும் ஈயத்தின் நிறை கிட்டத்தட்ட ஒன்று. புறப்படும் வேகமும் கிட்டத்தட்ட ஒன்று. அதே பலம் எட்டாகப் பிரிந்தால் எலும்பைத் துளைக்கும். 170 ஆகப் பிரிந்தால் பன்றியின் தோட்பட்டைத் தடித்தோலிலே தங்கி, கொல்லாது, நோவை மட்டும் கொடுக்கும். ஆகவே கேள்வி பலம் எவ்வளவு என்பதன்று. அது எந்த உருவிற் சென்று எந்த இடத்தைச் சேர்கின்றது என்பதே.

பெரிய வேட்டைக்காரரும் இதனைக் கண்டிருக்கின்றனர். ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்ற வோல்டர் பெல் என்பார் - அச்செயலை நாம் மெச்சவில்லை - பெரும்பாலானவற்றை 7 மில்லிமீற்றர்ச் சிறு ரைபிளினாலேயே வீழ்த்தினார். யானையின் மண்டையோட்டை வாளால் அறுத்துப் பார்த்து, மூளை இருக்குமிடத்தைப் படித்திருந்தார். ஜிம் கார்பெட்டுக்கு 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்குப் பரிசாகக் கிடைத்ததும் அதே தோட்டாவுக்கான ரிக்பி ரைபிளே. 1926இல் உருத்திரப்பிரயாகைச் சிறுத்தையை வீழ்த்தியதும் அதுவே. அத்தோட்டாவின் நீளம் 78 மில்லிமீற்றர், குறும்பொறியில் அடங்காது. அதே விட்டமுள்ள குண்டை, ஏறக்குறைய அதே வேகத்தில் செலுத்தும் குறுந்தோட்டாவே மருமகனின் பட்டியலில் உள்ள 7 மி.மீ.-08.

அதன் ஒன்பது கிராம்க் குண்டு செக்கனுக்கு 850 மீற்றர் வேகத்தில் புறப்படும். ஏறக்குறைய 3,300 யூல் சக்தி. 243இன் ஆறரைக் கிராம்க் குண்டு மானுக்குப் போதும். அதனினும் பெரிய 'எல்க்' மானுக்கு இலேசு. 6.5 கிரீட்மூர் நெடுந்தூரக் காற்றை நன்கு எதிர்க்கும். அவனோ காட்டோரம் 200 மீற்றருக்குள் சுடுபவன். மாக்னத்தின் பன்னிரண்டு கிராம்க் குண்டு 4,700 யூலுக்கு மேற் கொண்டு செல்லும். ஆனால் நியூற்றனின் மூன்றாம் விதி அல்பேர்ட்டாவிலும் உண்டு. ஒரே பாரமான துவக்கில், மாக்னம் தோளில் உதைக்கும் உதை மற்றதன் ஏறக்குறைய இரட்டிப்பு. உதைக்கு அஞ்சுபவன் விசையை இழுக்கும்போதே கண்ணை மூடுவான், பயிற்சியையும் குறைப்பான். ஆகையால் 7 மி.மீ.-08 எடு என்று எழுதினோம்.

பின்னர் இன்னொன்றும் எழுதினோம். 243, 7 மி.மீ.-08 இரண்டும் 1952இல் வந்த 308 வின்செஸ்டர்த் தோட்டாவின் கோதிலிருந்து பிறந்தவை. ஒரு தாய் மக்கள். உடல் ஒன்று, கழுத்தே வேறு. 308 துவக்கில் 7 மி.மீ.-08 தோட்டா புகுந்தும் விடும், வெடித்தும் விடும். குண்டு எங்கே போகுமென்பதை ஒருவரும் சொல்ல முடியாது. ஆதலால் ஒவ்வொரு தோட்டாவின் அடியிலும் பொறித்த எழுத்தை ஒவ்வொரு முறையும் உன் கண்ணால் வாசி. பெட்டியை நம்பாதே, பையை நம்பாதே, பிறர் கட்டிய நூலை நம்பாதே.

நூல் என்றதும் எழுதாமல் இருக்க இயலவில்லை. நாற்பது ஆண்டுகளாய் எழுதாததை ஒரு பக்கத்தில் எழுதினோம். அப்பப்பா பார்க்காமற் போட்டது மெய். ஆனால் பார்க்க வேண்டிய தேவை வராதபடி அவர் செய்து வைத்த ஒழுங்கைக் குலைத்தது யார் என்பதை அவர் அறிந்திருந்தார். அறிந்தே தம்மேல் ஏற்றுக்கொண்டார். அவர் துவக்குக்கும் குறையில்லை, அவர் குறிக்கும் குறையில்லை என்று முடித்தோம்.

இரண்டு நாளில் விடை வந்தது. "7 மி.மீ.-08 என்று சொல்லிவிட்டேன், மாமா. கடிதத்தை அப்பாவிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை."

அன்றிரவு மச்சானே தொலைபேசியில் அழைத்தார். சுகம் விசாரித்தார்; மழை விசாரித்தார்; முல்லைக்காரர் பிள்ளைகளுக்கு இப்போது என்ன தொழில் என்று கேட்டார். பின்னர் சிறிது மௌனம்.

"மச்சான், அண்டைக்குத் தூண்டில்ல மீன் பட்டதா?"

"இல்லை" என்றோம்.