ஒரு பகல், ஒரு வள்ளம்

கணவனும் மனைவியுமாக எங்கள் இருவருக்கும் தமிழே பிழைப்பு. குடியிருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர்; பாடம் சொல்வது இராஜபாளையத்துப் பக்கம், இரு வேறு கல்லூரிகளில். ஐங்குறுநூற்றின் இரண்டாம் நூறாகிய அம்மூவனாரின் நெய்தல் எங்கள் இருவரில் ஒருவருக்காவது பாடமாக வராத ஆண்டு குறைவு. கழி, ஓதம், கண்டல், கைதை என்று கரும்பலகையில் எழுதி இருபது ஆண்டுகளாகப் பொருள் சொல்லி வந்திருக்கிறோம். அப்பொருளெல்லாம் எங்கள் ஆசிரியர்கள் சொன்னவை. அவர்களுக்கு உரையாசிரியர்கள் சொன்னவை. கடலையே கண்டதில்லை என்று சொல்லிவிட முடியாது. திருச்செந்தூரில் குளித்திருக்கிறோம், இராமேசுவரத்தில் முழுகியிருக்கிறோம். ஆனால் அது கரையில் நின்று பார்த்த கடல். நீரின்மேல் ஒரு பகற்பொழுது முழுதும் இருந்தவர் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இல்லை.

எங்களைக் கிளப்பிவிட்டது ஒரு மாணவியின் கேள்வி. சத்திரப்பட்டிப் பெண். வீட்டில் மருத்துவத் துணி நெய்யும் தறி ஓடுகிறது. தலைவனின் தேர் இரவில் கழியைக் கடந்து வருவதாகப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தபோது எழுந்து, "உப்புத் தண்ணிக்குள்ள தேர் எப்படிங்கய்யா போகும்? சக்கரம் முங்கிறாதா?" என்றாள். அது புலவர் மரபு என்று சொல்லி உட்கார வைத்தாயிற்று. அன்றிரவு சாப்பாட்டின்போது அக்கேள்வி எங்கள் இருவர் நடுவிலும் வந்து உட்கார்ந்தது. மரபு என்ற சொல் எத்தனை இடங்களில் எங்கள் அறியாமைக்குப் போர்வையாக இருந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தோம். எண்ணிக்கை மதிப்பாக இல்லை.

ஆகவே மே விடுமுறைக்குக் கொல்லம் கடற்கரையில் நான்கு நாள் தங்குவதென்றும், அதில் ஒரு நாள் படகு ஒன்றை முழுப்பகலுக்கும் வாடகைக்கு அமர்த்துவதென்றும் முடிவு செய்தோம். 1904இல் திறந்த செங்கோட்டை – கொல்லம் மீட்டர் கேஜ் பாதை, அகலப்பாதைப் பணிக்காக 2010இல் மூடப்பட்டு 2018இல் மீண்டும் திறந்ததிலிருந்து, இராஜபாளையத்தில் நள்ளிரவு கழிந்து ரயிலேறினால் காலையில் கொல்லத்தில் இறங்கிவிடலாம். நம்மூர்க்காரர்கள் பலர் இதை இன்னும் சபரிமலைக்குப் போகும் வழியாக மட்டுமே நினைத்திருக்கிறார்கள்.

அம்மா மட்டும் ஒப்பவில்லை. எழுபத்திரண்டு வயது. ஊருக்கு வருவேன், படகில் ஏறமாட்டேன் என்றாள். காரணம் தேக்கடி. எங்கள் மொட்டைமாடியிலிருந்து மேற்கே தெரியும் மலைக்கு அப்பால்தான் தேக்கடி இருக்கிறது. 2009 செப்டம்பர் 30ஆம் நாள் அங்கே 'ஜலகன்யகா' என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்த செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்த நாள் முதல், படகு என்ற சொல்லைக் கேட்டாலே அவள் முகம் மாறிவிடும். 2023 மே மாதம் தானூரில் 22 பேர் இறந்தபோது அது இறுகிப்போயிற்று. எங்கள் ஊரில் மிதப்பது என்றால் திருமுக்குளத்துத் தெப்பம்தான். அதுவும் குளத்தில் நீர் நின்றால்.

நாங்கள் தேர்ந்தது மன்றோத்துருத்து. அஷ்டமுடிக் காயலும் கல்லடை ஆறும் சேருமிடத்தில் உள்ள சிறு தீவுகளின் கூட்டம். மன்றோ என்றதும் சென்னையில் குதிரைமேல் இருக்கும் தாமஸ் மன்றோ என்றே எண்ணியிருந்தோம். இவர் வேறு, 1810 முதல் 1819 வரை திருவிதாங்கூரில் ரெசிடெண்டாக இருந்த ஜான் மன்றோ. (சிலை கிடைக்காவிட்டாலும் இவருக்கு ஒரு தீவு கிடைத்திருக்கிறது.)

தங்கிய விடுதிக்காரர் சொன்ன வள்ளக்காரரைத் தொலைபேசியில் அழைத்தோம். காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை, ரூ.2500. கூலி பேசி முடிந்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "நீந்த அறியுமோ?" ஐந்நூறு அடி ஆழத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடும் ஊர்க்காரர்களிடம் கேட்க வேண்டிய கேள்வியா? ஒருவருக்கும் தெரியாது என்றோம். அவர் சிரிக்கவில்லை. "அப்போ லைஃப் ஜாக்கெட் இல்லாம ஆரும் கேறண்டா. ஞான் கொண்டு வராம்" என்றார். ஒலிபெருக்கியில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "இந்த ஆளு சரியான ஆளு" என்றாள். மறுநாள் எங்களுக்கு முன்னால் கிளம்பி நின்றாள்.

கொல்லத்திலிருந்து மன்றோத்துருத்துக்கு ரயிலில் போகும்போது பெருமண் பாலத்தைக் கடக்க வேண்டும். 1988 ஜூலை 8ஆம் நாள் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் தடம்புரண்டு காயலில் விழுந்து 105 பேர் மாண்டது இங்கேதான். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. மகள் சன்னல் கம்பியைப் பிடித்தபடி எங்களைப் பார்த்தாள். அவளும் வாய் திறக்கவில்லை. அம்மா நீர்ப்பரப்பைப் பார்த்து, "எம்புட்டுப் பெரிய கண்மாய்!" என்று மட்டும் சொன்னாள்.

வள்ளக்காரருக்கு அறுபது வயதிருக்கலாம். கொல்லத்துச் சந்தையில் தமிழரோடு பழகி வந்த தமிழ். அம்மாவை முதலில் ஏற்றி நடுப்பலகையில் உட்கார வைத்து, ஜாக்கெட்டின் வார்களைத் தம் கையாலேயே இறுக்கினார். எங்களுக்கெல்லாம் இடம் பிரித்துக் கொடுத்தார். அந்த இடத்திலிருந்து அசைய வேண்டுமானால் அவரிடம் சொல்லிவிட்டே அசைய வேண்டும். பிறகு பின்னால் நின்று நீண்ட மூங்கில் ஒன்றை நீருக்குள் ஊன்றித் தள்ளினார். வள்ளம் ஓசையின்றி நகர்ந்தது.

அந்த மூங்கிலுக்கு என்ன பெயர் என்று கேட்டோம். "கழுக்கோல்" என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். காவிரி வெள்ளத்தின் ஆழத்தைச் சொல்ல வந்த பரணர், ஓடம் தள்ளும் கழைக்கும் அங்கே நிலை கிட்டாது என்பார். அகநானூற்றின் ஆறாம் பாட்டு. கழை என்றால் மூங்கில் என்று எழுதிப் போட்டுவிட்டு நகர்ந்திருக்கிறோம். இரு சொற்களும் உறவா என்று மொழியியலார் சொல்லட்டும். அந்த மூங்கில் சேற்றில் தொட்டு நிற்கும் கணத்தில் தள்ளுகிறவர் முகத்தில் வரும் நிம்மதியையும், ஆழமான ஓரிடத்தில் கோல் தொடாமல் போனபோது அவர் உதட்டைக் கடித்ததையும் பார்த்தபின்புதான் பரணர் என்ன சொன்னார் என்று தெரிந்தது.

அன்று காலை முழுதும் இப்படியே ஆயிற்று. கரையில் வேர்களைக் கால்களாக ஊன்றி நின்ற மரங்களைக் காட்டி, "கண்டல்" என்றார். கண்டலுக்குத் தாழை என்று பொருள் சொல்லும் வழக்கமும் நம்மிடம் உண்டு, நாங்களும் சொல்லியிருக்கிறோம். தாழை எது என்று கேட்டபோது, சற்றுத் தள்ளி முள் விளிம்பு ஓலைகளோடு நின்ற புதரைக் காட்டினார்: "அது கைத." கண்டல் வேறு, கைதை வேறு. பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஏழாம் வகுப்பு முடித்த ஒரு வள்ளக்காரரிடம் அகராதி கேட்டுக் குறிப்பெடுத்தோம். வெட்கமாக இருந்தது, மகிழ்ச்சியாகவும் இருந்தது.

தோடு என்று அவர்கள் சொல்லும் குறுகிய கால்வாய்களின் மேல் தாழ்வான நடைபாலங்கள். ஒவ்வொன்றின் கீழும் குனிந்து போனோம். ஒன்றில் மிகவும் தாழக் குனிய வேண்டியிருந்தது. அதைத் தாண்டி ஒரு திட்டின் ஓரம், கணுக்கால் அளவு நீரில் பெண்கள் நடந்து நடந்து கக்கா பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நாம் மட்டி என்பது. அஷ்டமுடியின் மட்டி 2014இல் பன்னாட்டு நிலைத்தன்மைச் சான்று பெற்றது. இந்திய மீன்வளத்தில் முதலாவது. அடி மண் கெட்டியாக இருந்திருக்க வேண்டும். ஒரு பையன் அதன்மேல் சைக்கிளை உருட்டிக்கொண்டு அக்கரைக்குப் போனான்.

அம்மாவுக்கு அச்சம் எப்போது போயிற்று என்று தெரியவில்லை. ஏதோ முணுமுணுக்கும் ஓசை கேட்டுத் திரும்பினால், நாச்சியார் திருமொழியில் குயிலை விளித்துப் பாடும் பதிகம். துயரம் என்னும் கடலில் வைகுந்தன் என்னும் தோணி கிடைக்காமல் தவிப்பதாக ஆண்டாள் அதில் சொல்வாள். கடலில்லாத வில்லிபுத்தூரில் பிறந்தவளுக்குத் தோணி எப்படித் தோன்றியது என்று ஆராய்ச்சிக் கட்டுரைக்காரர்களாகிய எங்களுக்குத் தோன்றியது. அம்மாவுக்குத் தோன்றவில்லை. அவள் பாடிக்கொண்டிருந்தாள்.

பதினொரு மணிக்குக் காயலின் அகன்ற பகுதிக்குப் போவதாகத்தான் பேச்சு. வள்ளக்காரர் மேற்கே பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். எங்களுக்கு வானம் வெறும் வெயிலாகத்தான் தெரிந்தது. முழுநாளுக்குக் காசு பேசியிருக்கிறோமே என்று எங்களில் ஒருவர் (யார் என்று எழுத வேண்டாம் என்பது வீட்டு உடன்படிக்கை) மெல்லச் சொன்னதும் உண்மை. "காசு திரிச்சுத் தராம் சாரே. காயலுக்குப் போண்டா" என்றார். அதற்குமேல் பேச இடமில்லை. திரும்பினோம். அரைமணி கழித்துக் காற்று எழுந்து, திறந்த காயல் வெள்ளை வெள்ளையாக நுரைத்தது தொலைவில் தெரிந்தது.

திரும்பும் வழியில் காலையில் மிகவும் குனிந்து வந்த பாலம் வந்தது. இப்போது எவ்வளவு குனிந்தாலும் போக முடியாது. நீர் ஏறியிருந்தது. "வேலியேற்றம்" என்றார். இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். பக்கத்தில்தான் தம் வீடு என்று வள்ளத்தைத் திருப்பினார்.

அந்த வீட்டைப் பற்றி எழுதத்தான் தயக்கமாக இருக்கிறது. சுவரின் கீழ்ப்பகுதி முழங்கால் உயரத்துக்கு உப்பரித்துக் காரை உதிர்ந்து செங்கல் தெரிந்தது. கட்டிலின் நான்கு கால்களுக்கும் அடியில் இரண்டிரண்டு செங்கல். குளிர்பதனப் பெட்டி மேசைமேல் ஏற்றப்பட்டிருந்தது. முற்றத்தில் தலையில்லாத தென்னைகள். அவர் மனைவி கஞ்சியும் பயறும் கொடுத்தார். கார்த்திகையில், அவர்கள் கணக்கில் விருச்சிக மாதத்தில், ஏற்றம் மிகுதியாக இருக்குமாம்; அடுக்களைக்குள் நீர் வந்து இரண்டு மணி நேரம் நின்றுவிட்டுப் போகுமாம். மகள் குடும்பம் கொல்லத்துக்கே போய்விட்டது. அக்கம்பக்கத்தில் பூட்டிய வீடுகள் பல. ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு ஆய்வாளர்கள் ஒரே காரணம் சொல்வதில்லை. மேலே தென்மலையில் 1986இல் பயன்பாட்டுக்கு வந்த அணை, ஆறு கொண்டுவந்த வண்டலைத் தடுத்துவிட்டது என்பர் சிலர். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிலமே தாழ்ந்தது என்பர் சிலர். கடல்மட்டம் உயர்கிறது என்பதும் உண்டு. ரயிலில் விடியற்காலை தென்மலையைக் கடந்தபோது நாங்கள் கல்லடை ஆற்றை வாயார வியந்து புகைப்படம் எடுத்திருந்தோம்.

அம்மா நேராகக் கேட்டுவிட்டாள்: "தம்பி, இங்கன எதுக்கு இருக்கீக? மேட்டுப் பக்கமாப் போகலாம்ல?"

"மேட்டுல வள்ளம் ஓடாதே அம்மே" என்றார்.

மூன்றரை மணிக்குமேல் நீர் இறங்கத் தொடங்கியது. மக்கள் ஏறி இறங்குவதைப் போலல்ல அது. ஓசை இல்லை, அலை இல்லை. படிக்கட்டில் ஈரக்கோடு ஒன்று விரலளவு விரலளவாகத் தெரிந்துகொண்டே போகிறது, அவ்வளவுதான். ஓதத்துக்கு அலை என்று பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதுவும் ஒரு பொருள்தான். ஆனால் நாங்கள் இரண்டரை மணி நேரம் அடைபட்டுக் கிடந்தது அலையால் அல்ல. பாலத்தின் கீழ் மீண்டும் குனிந்து வந்தபோது, காலையில் பையன் சைக்கிள் உருட்டிய திட்டின் மேலாகவே வள்ளம் மிதந்துகொண்டிருந்தது. கோலை ஊன்றிக் காட்டினார், தொடைக்கு வரும். இன்னும் மூன்று மணி நேரத்தில் இங்கே நடக்கலாம் என்றார்.

சத்திரப்பட்டிப் பெண்ணின் தேர் அங்கே போயிற்று. அடி கெட்டியான கழி, நீர் இறங்கிய நேரம், வழி தெரிந்த பாகன். அவ்வளவும் இருந்தால் சக்கரம் முங்காது. நேரம் தவறினால்தான் தோழி சொல்லும் ஏதமெல்லாம். கழியில் இறங்கிய கோவேறு கழுதையின் காலைச் சுறா தாக்கியதாக ஒரு பாட்டு வருகிறதே, அதைக்கூட மிகை என்றே சொல்லிக் கொடுத்திருந்தோம். வரும் நேரம் குறித்துத் தலைவி ஏன் அவ்வளவு கலங்குகிறாள் என்பதற்கு உள்ளத்துக்குள்ளேயே காரணம் தேடியிருக்கிறோம். நீருக்குள்ளும் ஒரு காரணம் இருந்திருக்கிறது. இது எங்கள் கருத்து. மறுப்பவர்கள் ஒரு நாள் வள்ளம் அமர்த்திப் பார்த்துவிட்டு மறுக்கலாம்.

ஐந்தரைக்குக் கரையேறினோம். போகாத காயலுக்காக அவர் ஐந்நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுக்க, நாங்கள் மறுக்க, சற்று நேரம் இழுபறி. அம்மாதான் அதை முடித்துவைத்தாள். ரூபாயை வாங்கி அவர் மனைவிக்கென்று அவர் சட்டைப்பையிலேயே செருகி, பையிலிருந்து ஒரு கிலோ பால்கோவாவையும் எடுத்துக் கொடுத்தாள்.

ஜூனில் கல்லூரி திறந்ததும் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, புலவர் மரபு என்று சொன்னது தவறு என்று சொன்னோம். அவள் அந்தக் கேள்வியையே மறந்திருந்தாள். ஆனாலும் முழுதும் கேட்டாள். "அந்த ஓதத்தைப் பாக்கணும்யா" என்றாள். மூன்றாமாண்டு மாணவர்களை அழைத்துப் போக விண்ணப்பம் எழுதினோம். படகுப் பயணம் என்ற சொல்லுக்காகவே அது திரும்பி வந்தது. திருப்பியவர்கள்மேல் வருத்தமில்லை, தேக்கடியும் தானூரும் அவர்களுக்கும் தெரியும்.

கார்த்திகைப் பௌர்ணமிக்கு மறுநாள் வள்ளக்காரரிடமிருந்து கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. எழுத்து எதுவும் இல்லை. அடுக்களை, அடுப்புத் திண்ணையின் பாதிவரை நீர், வாசலில் கட்டிய வள்ளம் வீட்டுத் தரையைவிட உயரத்தில் நிற்கிறது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். பிறகு, கட்டில் காலுக்கு இன்னும் ஒரு செங்கல் வைத்துவிட்டார்களா என்று கேட்டு எழுதச் சொன்னாள்.