எங்கள் பெயரை முழுதாகச் சொன்ன குரலுக்கு

மதிப்புக்குரிய பி. எச். அப்துல் ஹமீத் ஐயா அவர்களுக்கு,



பதுளைக்கும் பசறைக்கும் இடையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். அந்தப் பக்கத்துப் பாடசாலைகளிலேயே தமிழ் படிப்பித்து ஓய்வும் பெற்றுவிட்டேன். உங்களை நேரில் கண்டதில்லை. ஆனாலும் உங்களிடம் எனக்கும் என் வயதுக்காரர்களுக்கும் ஒரு கடன் உண்டு. உங்கள் குரலின் இனிமையையும் உச்சரிப்பின் சுத்தத்தையும் புகழாதவர்கள் இல்லை. அதை நானும் ஒருமுறை சொல்லித்தான் ஆக வேண்டுமென்பதில்லை. நான் நன்றி சொல்ல வந்தது வேறொன்றுக்கு. நாட்டின் பதிவேடுகளில் ஒழுங்காக ஏறாத எங்கள் பெயர்களை இலங்கை வானொலி மரியாதையோடு வாசித்தது. அப்படி வாசித்தவர்களில் எங்கள் காதில் தங்கிய குரல் உங்களுடையது.

எங்கள் பெயர்களுக்கு அப்போது இருந்த நிலையைச் சொன்னால்தான் இந்த நன்றியின் கனம் விளங்கும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான எங்கள் தாத்தா, அப்பாயிமாரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் எங்களைத் தலைகளாக எண்ணிப் பங்கு பிரித்தது: 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சமுள்ள ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார்கள். தோட்டத்துக்குள் எங்கள் பெயர் இருந்த இடம் செக்ரோல் என்ற வேலைப் பதிவேடு. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் அது வாய்க்கு வந்தபடி கூப்பிடப்படும். கொழுந்து நிறை குறைந்தால் ‘அரைப் பேர்’ விழும், அதாவது அரை நாள் சம்பளம்தான். பிறப்புப் பதிவிலோ மீனாட்சி ஒரு தாளில் மீனாச்சி, இன்னொரு தாளில் மீனாட்சியம்மா. அப்பாவின் பெயர் பிள்ளைக்குப் பிள்ளை வேறுவிதமாக இருக்கும். பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தபோது, அந்த ஓர் எழுத்துக்காக அரசாங்கக் கச்சேரி அலுவலகப் படிகளில் ஏறி இறங்கிய குடும்பங்களை நான் அறிவேன்.

அந்தப் பெயர்கள்தான் தபாலட்டையில் ஏறிக் கொழும்புக்கு வந்தன. நேயர் விருப்பம் நிகழ்ச்சிக்கு எழுதுவது எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் சின்ன வேலையில்லை, ஐயா. கையெழுத்து நன்றாக இருக்கும் பிள்ளையைப் பிடித்து உட்கார வைப்பார்கள். யார் யார் பெயர் வர வேண்டுமென்று பெரிய வாக்குவாதம் நடக்கும். வீட்டுக்கு மூத்தவர் முதலில், கட்டிக்கொடுத்த அக்காவும் மச்சானும் அடுத்தது, தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கும் ஓர் இடம். கடைசியில் தோட்டத்தின் பெயர், டிவிசன், பதுளை. தப்பால்காரர் அதைப் பையில் போட்டுக்கொண்டு மலை இறங்குவார். அதன் பிறகு காத்திருப்புதான். மின்சாரம் வராத காலம். ஒரு காம்பராவில் வானொலிப் பெட்டி இருந்தால் அந்த லயமே அதைக் கேட்கும். சம்பளச் சாமானில் பற்றரியும் ஒன்று. அது தீர்ந்துபோனால் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் இழுப்போம்.

“இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், தமிழ்ச் சேவை இரண்டு” என்ற அறிவிப்புக்குப் பின்னால் வந்த குரல்கள் பல. வழி திறந்தவர் எஸ். பி. மயில்வாகனம். இராஜேஸ்வரி சண்முகம் அக்காவின் குரல் எங்கள் வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து பேசும். 1994இல் கொழும்பில் கொல்லப்பட்ட கே. எஸ். ராஜாவின் வேகத்தை எங்கள் பொடியன்கள் தேயிலை மலையில் நின்று கத்திப் பழகினார்கள். அவர்கள் எல்லோருக்கும் நாங்கள் கடன்பட்டவர்கள். உங்களிடம் நாங்கள் கண்டது நிதானம். ஸ்பிரிங்வெளி, தெமோதரை, நமுனுகுலை, மடுல்சீமை, லுணுகலை என்று எங்கள் இடங்களைத் தட்டுத்தடுமாறாமல் சொல்வீர்கள். பெயருக்கும் பெயருக்கும் நடுவில் ஒரு மூச்சு விடுவீர்கள். கொழுந்தெடுக்கும் பெண்ணின் பெயருக்கு முன்னால் ‘செல்வி’ என்ற அடை அப்போதுதான் முதல்முறை வந்தது. அதைக் கேட்டுவிட்டு வெற்றிலை இடிப்பதை நிறுத்திய கிழவிகளை எனக்குத் தெரியும். வெள்ளைக்காரத் துரையும் பிறகு வந்த அரசாங்கத் துரையும் கொடுக்காத ஒரு மரியாதையை, முகம் தெரியாத ஒருவர் பாட்டுக்கு முன்னால் போகிறபோக்கில் கொடுத்துவிட்டுப் போனார்.

இது எப்படி உங்களுக்கு வாய்த்தது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். நீங்கள் முதலில் நடிகர் என்பதில்தான் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். கொழும்பு தெமட்டகொடையிலிருந்து வந்து, சிறுவர் நிகழ்ச்சியில் தொடங்கி, நாடகங்களில் குரல் கொடுத்து, அதன் பிறகே அறிவிப்பாளர் ஆனவர் நீங்கள். வானொலி நாடகத்தில் எதிரே ஆளே இருக்காது. ஒலிவாங்கியும் தாளும்தான் இருக்கும். இல்லாத மனிதரை இருக்கிறார் என்று நம்பிப் பேசினால்தான் கேட்கிறவர் நம்புவார். தாளில் கிடந்த ஒரு பெயரை ஆளாக நினைத்துக் கூப்பிடும் பழக்கம் அங்கிருந்து வந்திருக்க வேண்டும்.

குரலால் வாழ்ந்த இன்னொருவரின் கதையையும் என் வகுப்பில் சொல்வதுண்டு. அமெரிக்க நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் சின்ன வயதில் கடுமையாகத் திக்கினார்; பல வருடங்கள் பாடசாலையில் வாய் திறப்பதையே ஏறக்குறைய விட்டுவிட்டார். டொனால்ட் க்ரவுச் என்ற ஆசிரியர், அந்தப் பையன் கவிதை எழுதுகிறான் என்று கண்டுபிடித்து, அதை வகுப்பின் முன் உரக்கச் சொல்ல வைத்தார். அந்தப் பையன்தான் 1977இல் ‘ஸ்டார் வோர்ஸ்’ படத்தில் டார்த் வேடரின் குரலானார். கறுப்புக் கவசத்துக்குள் நின்றவர் வேறொருவர். முதல் இரண்டு படங்களிலும் தன் பெயரைத் திரையில் போட வேண்டாமென்று ஜோன்ஸே சொல்லிவிட்டார். 1994இல் ‘லயன் கிங்’ படத்தின் முஃபாசாவுக்கும் குரல் அவருடையதே. 2024இல், 93 வயதில் காலமானார். பெயர் வேண்டாமென்று சொல்ல ஒருவருக்கு முதலில் ஒரு பெயர் நிலைத்திருக்க வேண்டும் என்று அவர் கதையைப் படித்தபோது தோன்றியது. எங்கள் ஆட்கள் அந்த இடத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை.

க்ரவுச் செய்த வேலையை எங்கள் மலையில் உங்கள் ‘பாட்டுக்குப் பாட்டு’ வானொலி நிகழ்ச்சி செய்தது. மிகையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நான் படித்த தோட்டப் பாடசாலை ஒரே மண்டபம். ஐந்து வகுப்புகளுக்கும் ஒரே வாத்தியார். அங்கிருந்து நகரத்துப் பாடசாலைக்குப் போன பிள்ளைகளின் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். சிரிப்புக்குப் பயந்து கேள்விக்குப் பதில் தெரிந்தும் கை தூக்காமல் இருந்த பிள்ளைகளில் நானும் ஒருத்தி. நான் ஆசிரியையாகி வந்தபோது என் வகுப்பிலும் அப்படி வாய்மூடிய பிள்ளைகள் இருந்தார்கள். பாடப்புத்தகத்தை வாசிக்கச் சொன்னால் தலை குனியும். ‘இந்த எழுத்தில் ஒரு பாட்டு’ என்றால் தலை நிமிரும். குறிலைக் கேட்டால் நெடிலில் தொடங்கும் பாட்டைப் பாடக்கூடாது. அதை மற்றப் பிள்ளைகளே பிடித்துவிடுவார்கள். லகரமும் ளகரமும் ழகரமும் கரும்பலகையில் ஏறாத தலைகளில் பாட்டு வழியாக ஏறின. பிறகு அந்த நிகழ்ச்சி சன் தொலைக்காட்சிக்குப் போய், உலகமெல்லாம் உங்கள் முகத்தையும் கண்டது. எங்கள் வகுப்பறைக்கு அது முன்பே வந்துவிட்டது.

ஒரு சின்னக் குறையையும் சொல்லிவிடுகிறேன். நன்றி மடலில் குறை எதற்கு என்று கேட்காதீர்கள். சொந்தக்காரரிடம்தானே குறை சொல்ல முடியும். மரிக்கார் எஸ். ராமதாஸ் எழுதிய ‘கோமாளிகளின் கும்மாளம்’ வானொலி நாடகம் ஒலித்தபோது லயத்தில் சிரிப்புச் சத்தம் அடங்காது. ராமதாஸ் முஸ்லிம் தமிழில் மரிக்காராக வருவார். டி. ராஜகோபால் யாழ்ப்பாணத் தமிழில் அப்புக்குட்டி. செல்வசேகரன் சிங்களவர் பேசும் தமிழில் உபாலி. நீங்கள் ஐயராக வந்து அக்கிரகாரத் தமிழில் பொளந்து கட்டுவீர்கள். இந்து ஒருவர் மரிக்காராகவும் முஸ்லிம் ஒருவர் ஐயராகவும் நடித்ததை யாரும் ஒரு விஷயமாகவே எடுக்கவில்லை. அந்த நாட்டுக்கு நான் இன்றும் ஏங்குகிறேன். 1976இல் அது ‘கோமாளிகள்’ என்ற படமாகவும் வந்தது. குரலாக அறிந்தவர்களுக்கு அன்றுதான் முகம் கிடைத்தது. ஆனால் அந்த நால்வரில் மலையகத் தமிழ் இல்லை. இத்தனை தமிழ் இருக்கும்போது எங்கள் தமிழுக்கு ஒரு ஆள் இல்லையா என்று என் அம்மா கேட்டது நினைவிருக்கிறது.

அதற்கு முந்தைய வருடம், 1975இல், வி. பி. கணேசன் நடித்துத் தயாரித்த ‘புதிய காற்று’ வந்திருந்தது. தோட்டத்து வாழ்க்கையைப் பேசிய படம். அதன் எழுத்தில் எங்கள் பதுளை மண்ணில் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் கை இருந்தது. அம்மாவின் கேள்விக்கு ஒரு பதில் அதில் கிடைத்தது. மற்றப் பதிலை நாங்களே தேடிக்கொண்டோம். உங்கள் நாடகத்தைக் கேட்டுத்தான் ஒவ்வொரு வட்டாரப் பேச்சுக்கும் ஓர் அழகு உண்டு, அது மறைக்க வேண்டிய ஒன்றில்லை என்று எங்கள் பிள்ளைகள் தைரியம் கொண்டார்கள். தமிழ்த்தினப் போட்டி மேடைகளில் எங்கள் மாணவர்கள் கங்காணியும் கொழுந்துக்காரியுமாக வந்து, லயத்தில் பேசுகிற மாதிரியே பேசி நடித்தார்கள். 2000இல் வந்த ‘தெனாலி’யில் கமல்ஹாசன் இலங்கைத் தமிழ் பேச நீங்கள் துணைநின்று, திரையிலும் தோன்றியபோது, பேச்சு வழக்கை இவ்வளவு மதிக்கும் ஒருவர் எங்கள் வழக்கையும் ஒருநாள் பேசிக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசை இன்னும் உண்டு.

பிரிந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு எழுதப்பட்டவர்கள் பதுளையில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். நீலகிரிப் பக்கம் போனவர்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடியும் தேயிலைக்கே இறங்கினார்கள். பலருக்குத் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் வேலை. என் சித்தப்பா குடும்பமும் அப்படிப் போனது. அவர் எழுதிய கடிதங்களில் மழை, கூலி, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் முடிந்த பிறகு, இலங்கை வானொலி அங்கேயும் எடுக்கிறது என்ற செய்தி கட்டாயம் இருக்கும். இன்ன நாள் இன்ன பாட்டு வந்ததே, கேட்டீர்களா என்று கேட்பார். ஒரு குடும்பம் கடலுக்கு இரு பக்கமும் இருந்துகொண்டு ஒரே நேரத்தில் ஒரே பாட்டைக் கேட்டது. 1983 ஜூலை இனக்கலவரத்தில் பதுளை நகரம் எரிந்தபோது எங்கள் கதி தெரியாமல் அவர்கள் அந்தப் பெட்டியின் அருகிலேயே உட்கார்ந்திருந்தார்களாம். அடுத்த வருடம் கப்பலும் நின்றது. வானொலிக்கு மட்டும் கடவுச்சீட்டு தேவைப்படவில்லை.

இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. மிச்சமிருந்தவர்களும் பிரஜைகளானார்கள். 1948இலிருந்து எண்ணினால் 55 வருடம். எங்கள் பெயர்களை நாட்டின் பெயர்களாக ஏற்றுக்கொள்ள அரசாங்கத்துக்கு அவ்வளவு காலம் எடுத்தது. ஒரு தபாலட்டையை வாசிக்கும் நேரத்தில் அதைச் செய்தவர்கள் நீங்களும் உங்கள் தோழர்களும். நீங்கள் உரிமை எதையும் வாங்கித் தரவில்லை; அது உங்கள் வேலையும் இல்லை. ஆனால் தன் பெயரை மரியாதையோடு சொல்லக் கேட்டவர், அதைப் பிழையாக எழுதிய தாளைத் திருப்பிக் கொடுத்து, “சரியாக எழுதுங்க” என்று சொல்லத் துணிவார். என் அம்மா ஒருநாள் அப்படிச் சொன்னாள்.

உங்கள் சுயசரிதைக்கு ‘வானலைகளில் ஒரு வழிப்போக்கன்’ என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். வழிப்போக்கருக்கு வீட்டுக்காரர் எதையாவது கொடுத்தனுப்புவது எங்கள் வழக்கம். எங்களிடம் இருப்பதைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துப் பாடசாலைகளுக்குப் புதிதாக வரும் இளம் ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற எங்களிடம் வந்து எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்பதுண்டு. அவர்களிடம் முதலில் ஒன்றைத்தான் சொல்கிறேன்: காலையில் வரவு இடாப்பைக் கூப்பிடும்போது ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் முழுதாகச் சொல்லுங்கள், சுருக்காதீர்கள், பட்டப்பெயர் வைக்காதீர்கள், எழுத்துப் பிழை இருந்தால் அன்றைக்கே பெற்றோரைக் கூப்பிட்டுத் திருத்துங்கள். யாரிடம் படித்தீர்கள் டீச்சர் என்று கேட்டால் உங்கள் பெயரைச் சொல்கிறேன். முழுதாகவே சொல்கிறேன்.




ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருத்தி,
பதுளை